மேக்னெட்டோ மேல் விழுந்த பழி

1950களின் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குகிறவருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு கட்சி ஆலோசகர்கள் கிடைத்துவிடுவார்கள். அந்த மேக்னெட்டோவைக் கழற்றிப் போட்டுவிட்டு பேட்டரியும் காயிலும் மாட்டுங்கள், நிம்மதியாக ஓட்டலாம் என்பது ஒரு கட்சி. மேக்னெட்டோவில் கை வைத்தால் வண்டியின் மானமே போச்சு என்பது இன்னொரு கட்சி. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தால், அந்த அலுமினியப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தவர்கள் இரு பக்கமும் குறைவு என்பது புரியும்.

குற்றச்சாட்டு மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். காலையில் இரண்டாவது உதையில் கிளம்புகிற வண்டி, இருபது முப்பது கிலோமீட்டர் ஓடி இன்ஜின் சூடேறியதும் இருமத் தொடங்கும். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் நிழலில் கிடந்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், பெட்ரோல் பங்கைத் திட்டுவார்கள். கடைசியில் “மேக்னெட்டோ போச்சு” என்று தீர்ப்பாகிவிடும். பெரும்பாலான வண்டிகளில் போயிருப்பது அதற்குள் இருக்கும் சின்னஞ்சிறு கண்டென்சர். எழுபது வயதான காகிதமும் அரக்கும் செய்யும் தப்புக்குக் காந்தத்தைத் தண்டிக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். மேக்னெட்டோவுக்கென்றே சில பிறவிக் குறைகளும் உண்டு, அவற்றையும் மறைக்கப்போவதில்லை.

பேட்டரி வண்டியில் மின்சாரம் வெளியிலிருந்து காயிலுக்கு வரவேண்டும். மேக்னெட்டோவுக்கு வெளியிலிருந்து எதுவும் வேண்டாம், சுற்றினால் போதும். நிரந்தரக் காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே மெல்லிரும்பு ஆர்மேச்சர் ஒன்று சுழல்கிறது. அதன்மேல் முதலில் தடித்த செப்புக் கம்பியால் 150 முதல் 200 சுற்று, அதற்கு மேல் தலைமுடி கனமே உள்ள கம்பியால் ஏறத்தாழ 10,000 சுற்று. ஆர்மேச்சர் ஒரு முறை சுற்றினால் அதன் வழியே பாயும் காந்தப் பாய்வு இரண்டு முறை திசை மாறும். மாறுகிற அந்த நொடியில், மூடியிருக்கும் பாயிண்ட் (திறந்து மூடும் தொடுமுனை) வழியாகத் தடித்த சுற்றில் சில ஆம்பியர் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். சரியாக அப்போது பாயிண்ட் திறக்கும். வேகமாக ஓடிவரும் தண்ணீரைச் சட்டென்று வால்வு போட்டு அடைத்தால் குழாயே அதிர்வதுபோல, அறுபட்ட மின்சாரத்தின் வேகம் மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட்டாக எகிறிப் பிளக்கில் பொறியாகிறது.

கண்டென்சரின் வேலை இங்கேதான். பாயிண்ட் திறக்கும்போது மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டி ஓடப் பார்க்கும். அப்படி ஓடினால் அறுபடுதல் மெதுவாகிவிடும், பொறி நோஞ்சானாகும், பாயிண்ட்டும் கருகும். தாண்டப் பார்க்கும் மின்சாரத்தைக் கண்டென்சர் ஒரு கணம் வாங்கி வைத்துக்கொள்கிறது. அது கசிந்தால் மற்ற எல்லாம் புத்தம் புதிதாக இருந்தும் பயனில்லை.

இந்த யந்திரத்தின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ராபர்ட் போஷ் 1886இல் ஸ்டுட்கார்ட்டில் பட்டறை திறந்தார். அடுத்த வருடமே, பிறர் செய்து வைத்திருந்த அமைப்பைப் பார்த்து, நிலையாக நின்று ஓடும் இன்ஜின் ஒன்றுக்குக் குறைந்த மின்னழுத்த மேக்னெட்டோ செய்து கொடுத்தார். 1897இல் அதை டி டியோன்-பூட்டோன் மூன்று சக்கர வண்டியின் வேக இன்ஜினுக்குப் பொருத்திக் காட்டினார். ஆனால் அந்த வகையில் பொறிக்காகச் சிலிண்டருக்கு உள்ளேயே இரண்டு தொடுமுனைகளைப் பிரித்து விடவேண்டும், அதற்கு நெம்புகோலும் தண்டும் வேண்டும். போஷிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் 1902இல் இரண்டு சுற்றுகளையும் ஒரே ஆர்மேச்சரில் ஏற்றி, உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் தந்தார். 1950களின் பிரிட்டிஷ் வண்டிகளில் நாம் பார்ப்பது அடிப்படையில் அதேதான்.

1914இல் போர் மூண்டதும் பிரிட்டனுக்கு ஒரு சங்கடம். லாரிக்கும் விமானத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வேண்டிய மேக்னெட்டோ பெரும்பாலும் எதிரி நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. பர்மிங்ஹாமில் இருந்த தாம்சன்-பென்னட் என்ற சிறு தொழிற்சாலையை மின்சாதன நிறுவனமான லூகாஸ் அதே ஆண்டு வாங்கியது. பி.டி.ஹெச்., எம்.எல். போன்ற பெயர்களும் எழுந்தன. அடுத்த ஐம்பது வருடத்துக்கு பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் பொறி பெரும்பாலும் லூகாஸ் கையில்தான் இருந்தது. அதனால் வசவும் லூகாஸுக்கே.

காயில் முறை அப்போது இல்லாமல் இல்லை, கார்களில் இருந்தது. மோட்டார் சைக்கிளில் அதை நம்ப முடியாததற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். அக்காலத்து 6 வோல்ட் டைனமோக்கள் பெரும்பாலும் 60 வாட்டுக்குள் அடங்கியவை, அதுவும் நல்ல வேகத்தில் ஓடும்போது. முன்விளக்கு மட்டும் 24 முதல் 30 வாட் கேட்கும். காயில் சராசரியாக 15 வாட் பக்கம் தின்னும். இரவில் மெதுவாக ஊருக்குள் ஓட்டினால் வரவைவிடச் செலவு கூடிவிடும். அதிர்விலேயே தட்டு உதிர்ந்துபோகும் அந்தக் காலப் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? மேக்னெட்டோ வண்டியிலோ பேட்டரி செத்தால் விளக்குதான் போகும், வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 1,26,000 பி.எஸ்.ஏ. எம்20 வண்டிகள் படைக்குப் போயின. எல்லாம் மேக்டைனோ வண்டிகள், அதாவது கீழே மேக்னெட்டோ, அதன் முதுகில் பட்டை போட்டுக் கட்டிய டைனமோ, இரண்டுக்கும் நடுவே நார்ப்பொருளால் செய்த பற்சக்கரம். வானத்திலும் இதே நியாயம்தான். 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் இன்ஜினில் குறைந்த அழுத்த மேக்னெட்டோ இருந்தது, ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இன்ஜினில் இரண்டு மேக்னெட்டோ. இன்றைக்கும் சிறு விமானங்களின் பிஸ்டன் இன்ஜின்கள் பெரும்பாலும் இரட்டை மேக்னெட்டோவோடுதான் பறக்கின்றன. நம்பத் தகாத பொருளை யாரும் அங்கே வைக்கமாட்டார்கள்.

பிறகு ஏன் ஒழிந்தது? ஆல்ட்டர்னேட்டர் வந்தது முதல் காரணம். கிராங்க் முனையிலேயே சுழலும் காந்தம், தேயும் பிரஷ் கிடையாது, மின்சாரமும் தாராளம். 1953இல் டிரையம்ஃப் ஸ்பீட் ட்வின் ஆல்ட்டர்னேட்டருக்கும் காயிலுக்கும் மாறியது. வின்சென்ட் தன் கடைசி வரிசையான சீரிஸ் டி-யில் காயில் போட்டது. டிரையம்ஃபின் 650 சி.சி. பானவில் 1959இல் மேக்னெட்டோவோடு பிறந்து 1963இல் அதைக் கைவிட்டது. தொழில்நுட்பத்தைவிட விலைக்குத்தான் இதில் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். மேக்னெட்டோ என்பது நுட்பமாகக் கடைந்து, கம்பி சுற்றி, தாங்கி போட்டு, சமன் செய்து முடிக்கவேண்டிய தனி யந்திரம். காயிலும் பாயிண்ட் தட்டும் அதில் ஒரு பங்கு செலவில் முடிந்துவிடும். அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சனின் எக்ஸ்.எல்.சி.எச். ஸ்போர்ட்ஸ்டர் மட்டும் 1969 வரை மேக்னெட்டோவை விடாமல் பிடித்திருந்தது. அந்த வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தவர்களின் முழங்கால் கதைகள் தனி.

இப்போது பழிக்கு வருவோம். லூகாஸ் கண்டென்சர் மெழுகுக் காகிதமும் உலோகத் தாளும் மாற்றி மாற்றிச் சுருட்டியது. அது ஆர்மேச்சருக்குள்ளேயே, அதோடு சேர்ந்து சுழலும்படி, பக்கத்து மூடியில் புதைந்திருக்கும். ஈரம் புகுந்தால் காகிதம் கசிய ஆரம்பிக்கும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும், ஆறினால் குறையும். மர நிழல் வைத்தியத்தின் ரகசியம் அதுதான். மாற்றவேண்டுமென்றால் ஆர்மேச்சரையே பிரித்தாகவேண்டும். அதனால்தான் முன்பு பலர் பாயிண்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று அதே இடத்தில் உட்காரும் நவீன கண்டென்சர்கள் கிடைக்கின்றன. பாயிண்ட் தொகுப்பின் பின்னாலேயே பொருத்திக்கொள்ளும் வகையும் உண்டு. ஒருமுறை போட்டால் வண்டிக்காரரின் ஆயுளுக்குத் தாங்கும்.

அடுத்தது அரக்கு. கம்பிச் சுற்றுக்கு மின்காப்பாக லூகாஸ் ஷெல்லாக் பூசியது. அந்த அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டுக் காடுகளிலிருந்து போனதுதான். அரக்கு மாளிகைக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, சூட்டில் அரக்கு என்ன ஆகும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. பல வருடம் நின்றுபோன வண்டியில் அது கசிந்து ஆர்மேச்சரைக் கூட்டோடு ஒட்டிவிடும். கிக்கரை உதைத்தால் அரைகுறையாகப் பிய்த்துக்கொண்டு சுற்றும், பிறகு சூட்டில் மறுபடி இழுக்கும். ஈரத்தையும் அது உறிஞ்சும், உள்ளே மெல்லிய கம்பி பச்சை பிடித்து அறுந்துபோகும். இதற்கு முழுச் சுற்று மாற்றுவதைத் தவிர வழியில்லை. இன்றைய எனாமல் கம்பியும் எபாக்ஸியும் போட்டுக் கட்டிய ஆர்மேச்சர் இந்த நோயையே அறியாது.

காந்தமும் பலவீனமாகும்தான். ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு அல்ல. டங்ஸ்டன், கோபால்ட் எஃகில் செய்த பழைய குதிரைலாட வடிவக் காந்தங்கள் வயதில் சோர்ந்துவிடும். 1931இல் ஜப்பானில் டோகுஷிச்சி மிஷிமா கண்டுபிடித்த கலவையிலிருந்து வளர்ந்த ஆல்னிகோ காந்தம் வந்தபின் நிலைமை மாறிவிட்டது, இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் கே2எஃப் அந்த வகைதான். துருவங்களை இரும்புத் துண்டால் இணைக்காமல் ஆர்மேச்சரை வெளியே எடுப்பதால் காந்தம் இழக்கிற வலிமைதான் அதிகம். அதாவது, பழுது பார்க்கப்போன இடத்தில் வருகிற பழுது.

கைதவறி வரும் பழுதுக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. கூட்டின் பக்கத்தில் ஒரு சிறு திருகு துருத்திக்கொண்டிருக்கும். அதன் முனை உள்ளே பொறிக்கான மின்சாரத்தை வெளியே எடுக்கும் ஸ்லிப் ரிங்கின் அருகே ஒரு இடைவெளி விட்டு நிற்கும். பிளக் வயர் கழன்று தொங்கினால் மின்னழுத்தம் வேறு வழியில்லாமல் சுற்றின் காப்பை உடைத்துக்கொண்டு பாயாமல் இருக்க, இந்தத் திருகு வழியாக வெளியேறும். ஆர்மேச்சரை உருவும் முன் இதைக் கழற்றவேண்டும். கழற்ற மறந்து இழுத்தவர்கள் உடைத்த ஸ்லிப் ரிங்குகளை அடுக்கினால் ஒரு சுவரே கட்டலாம். ஆர்மேச்சரை உடம்போடு இணைக்கும் எர்த் பிரஷ் இன்னொன்று. அது தேய்ந்தோ ஒட்டியோ போனால் மின்சாரம் தாங்கியின் குண்டுகள் வழியே தரைக்குப் போகும், குண்டுகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். ஐந்து நிமிட வேலைக்குச் சோம்பல்பட்டால் தாங்கியும் போய்விடும்.

காயில் வண்டியில் கை பழகியவர்கள் தடுமாறுகிற இடம் நிறுத்தும் பொத்தான். காயில் வண்டியை நிறுத்த மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். மேக்னெட்டோவை நிறுத்த, தடித்த சுற்றை உடம்போடு சேர்த்துவிடவேண்டும், அதாவது எர்த் செய்யவேண்டும். ஆகவே வயர் அறுந்தால் வண்டி ஓடும், நிறுத்த முடியாது. வயரின் தோல் தேய்ந்து ஃபிரேமில் பட்டால் பொறியே வராது. பொறி இல்லை என்றதும் முதலில் செய்யவேண்டியது, மேக்னெட்டோவைத் திறப்பதல்ல, அந்த ஒற்றை வயரைக் கழற்றிவிட்டு ஒரு உதை உதைத்துப் பார்ப்பது.

இனி பிறவிக் குறைகள். மேக்னெட்டோவின் பொறி வேகத்தோடு வளரும், காயிலின் பொறி வேகம் கூடக் கூடக் குறையும். பந்தய வண்டிகள், மேங்ஸ் நார்ட்டன் உட்பட, மேக்னெட்டோவை விரும்பியதற்கு இதுவும் காரணம். அதன் மறுபக்கம், உதைத்து ஸ்டார்ட் செய்கிற வேகத்தில்தான் பொறி ஆக மெலிந்திருக்கும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் மேக்னெட்டோ இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் நிலைமை இன்னும் மோசம். இதோடு ஹேண்டில்பாரில் பொறி விழும் நேரத்தை முன்பின் நகர்த்தும் அட்வான்ஸ் லீவர் உள்ள வண்டிகளில் ஒரு முரண்பாடும் சேர்கிறது. லீவரைப் பின்னுக்குத் தள்ளினால் கேபிள், பாயிண்ட்டைத் திறக்கும் கேம் வளையத்தைத் திருப்பி, பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். ஆனால் காந்தப் பாய்வு மாறும் உச்சக் கணம் அதற்குள் கடந்துபோயிருக்கும். உதை திருப்பி அடிக்காமலிருக்கத் தாமதம் வேண்டும், தாமதித்தால் பொறி இளைக்கும். முழுவதும் பின்னுக்குத் தள்ளாமல் கொஞ்சம் முன்னே விட்டு உதைப்பது என்ற பழைய ஓட்டுநர்களின் பழக்கத்தில் இந்த விஞ்ஞானம் இருக்கிறது. எடைகள் விலகி ஆர்மேச்சரையே நகர்த்தும் தானியங்கி அட்வான்ஸில் இந்தச் சிக்கல் கிடையாது, பொறி எப்போதும் உச்சத்திலேயே விழும்.

இரட்டைச் சிலிண்டரில் வேறொரு வம்பு. கே2எஃப்பில் ஒரு கேம் வளையத்தில் இரண்டு மேடு, இரண்டும் சரியாக 180 டிகிரி தள்ளி இருந்தால்தான் இரு சிலிண்டருக்கும் ஒரே டைமிங். வளையம் சற்று ஓரம் சாய்ந்தாலும், ஒரு மேடு அதிகம் தேய்ந்தாலும் வித்தியாசம் வரும். பாதி வேகத்தில் சுற்றுவதால் மேக்னெட்டோவில் ஒரு டிகிரி பிசகினால் கிராங்கில் இரண்டு டிகிரி. ஐடிலில் ஒழுங்காக ஓடாத டிரையம்ஃபையும் பி.எஸ்.ஏ.வையும் பார்த்துக் கார்புரேட்டரை நோண்டுகிறவர்கள் முதலில் இதை அளந்து பார்க்கலாம். வி-ட்வினுக்குப் பாவம் இன்னும் அதிகம். வின்சென்ட்டின் 50 டிகிரி வி-யில் பொறிகள் மேக்னெட்டோவில் 180 டிகிரிக்கு ஒன்றாக விழ முடியாது. ஒன்று 155, மற்றது 205. பாய்வோ இயல்பில் 180க்கு ஒருமுறைதான் மாறும். துருவங்களின் வடிவத்தைக் கோணலாக்கி ஒருவாறு சமாளித்தார்கள். இரண்டு சிலிண்டரில் ஒன்று எப்போதும் கொஞ்சம் ஏமாளிதான். வின்சென்ட்காரர் ஒருவர் காயிலுக்கு மாறுகிறேன் என்றால் நான் தடுக்கமாட்டேன்.

டைமிங் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தக் கருவியின் குணம் நன்றாகப் புரியும். காயில் வண்டியில் பாயிண்ட் திறக்கிற கணத்தைச் சின்ன பல்ப் ஒன்று காட்டிவிடும். இங்கே பல்ப் உதவாது. பாயிண்ட் திறந்திருந்தாலும் தடித்த சுற்றின் வழியாக மின்சாரம் போய்விடும், பல்ப் எரிந்தபடியே இருக்கும். அதனால் சிகரெட் சுற்றும் மெல்லிய தாளில் ஒரு கீற்றைக் கிழித்து பாயிண்ட்டுக்கு நடுவே செருகுவார்கள். லீவர் முழு அட்வான்ஸில் இருக்கும். எம்20 என்றால் பிஸ்டன் மேலே வந்து சேர 7/16 அங்குலம், அதாவது 11 மில்லிமீட்டர், இருக்கும் இடத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு, தாளை மெல்ல இழுத்தபடி ஆர்மேச்சரைக் கையால் திருப்புவார்கள். தாள் கிழியாமல் விரலோடு வரும் கணம்தான் திறக்கிற கணம். பாயிண்ட் இடைவெளி 12 தவ் (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் இடைவெளி 18 முதல் 20 தவ். காயில் வண்டிப் பழக்கத்தில் பிளக்கை 25 தவ்வுக்குத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம். கடைசியில் பற்சக்கரத்தை முறுக்கும்போதும் கவனம் வேண்டும். அது சாவி இல்லாத வழுவழுப்பான கூம்புத் தண்டில்தான் உட்காருகிறது, நட்டை இறுக்குகிற இறுக்கில் ஓரிரு டிகிரி நழுவிவிடும். இறுக்கியபின் மறுபடி தாளைச் செருகிப் பார்க்காத மெக்கானிக்கை நம்பக்கூடாது.

சரி, என்ன செய்யலாம்? பேட்டரியும் எலக்ட்ரானிக் பெட்டியும் போடுவது மலிவு, காலைப் பொறி வலுவானது. ஆனால் அந்தப் பெட்டிக்கு நல்ல வோல்டேஜ் வேண்டும். பழைய 6 வோல்ட் டைனமோவை வைத்துக்கொண்டு அதை மாட்டினால், எந்தக் கணக்குக்குப் பயந்து 1930களில் காயிலைத் தவிர்த்தார்களோ அதே கணக்கில் போய் விழுவோம். டைனமோவையும் மாற்றவேண்டும், வயரிங்கையும் மாற்றவேண்டும், செலவு ஏறிக்கொண்டே போகும். பழைய மேக்னெட்டோவின் உருவத்திலேயே, உள்ளே எலக்ட்ரானிக்ஸ் வைத்து, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் பெட்டிகளும் பிரிட்டனில் செய்கிறார்கள். விலை அதிகம், வேலையில் குறை சொல்ல முடியாது. பழைய மேக்னெட்டோவை முழுதாகப் புதுப்பிக்க அங்கே சில நூறு பவுண்டு ஆகும். ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கும், கேம் வளையம் நல்ல நிலையில் உள்ள கே2எஃப்புக்கும், நான் தேர்ந்தெடுப்பது இந்தக் கடைசி வழியைத்தான். நவீன கண்டென்சரும் எபாக்ஸிச் சுற்றும் ஏறிய மேக்னெட்டோ, ஹோனோல்ட் நினைத்துப் பார்த்திராத அளவுக்கு நல்ல மேக்னெட்டோ.

இங்கே, நம் பக்கத்தில், விஷயம் கொஞ்சம் வேறு. ராயல் என்ஃபீல்டு புல்லட் 1949இல் இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வெளிவந்தபோது அதில் மேக்டைனோதான். 1955இல் அதை இங்கே திருவொற்றியூரில் செய்யும் கதை தொடங்கியது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் பழகிய புல்லட் காயிலும் பாயிண்ட்டும் உள்ளது. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை அழுத்தி, டீகம்ப்ரஸரை விட்டு, பிறகு உதைக்கிற வித்தையைத் தாத்தாவிடம் கற்றவர்கள் மேக்னெட்டோ வண்டியில் ஏறினால் முள் அசையவே அசையாது. பொறிக்கும் அம்மீட்டருக்கும் அங்கே உறவே இல்லை. கம்ப்ரஷனைக் காலால்தான் உணரவேண்டும். ஃப்ளைவீலில் காந்தம் வைத்த வகையை டி.வி.எஸ். 50 போன்ற மொபெட்டுகளில் நம் மெக்கானிக்குகள் கரைத்துக் குடித்தவர்கள், ஆனால் சுழலும் ஆர்மேச்சர் அவர்களில் பலர் கைக்கு வந்திருக்காது.

அதனால் பழைய வண்டிக்காரர் பெரும்பாலும் போய் நிற்கிற இடம், ஊரில் மோட்டார் காயில் கட்டுகிறவர் கடை. அவர் கை நல்ல கைதான். பம்ப் செட் மோட்டாரை நாள்தோறும் கட்டுகிற அவர் தடித்த சுற்றை அழகாகப் போட்டுவிடுவார். பத்தாயிரம் சுற்று முடிக்கம்பியை ஒவ்வொரு அடுக்குக்கும் காப்புத் தாள் வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் வெற்றிடத்தில் பிசின் ஊற்றி எடுப்பது வேறு வேலை. சாதாரண வார்னிஷில் முக்கி உலர்த்தினால் மேசைமேல் ஐந்து மில்லிமீட்டர் பொறி பளிச்சென்று விழும், எல்லாரும் கை தட்டுவார்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் பல மடங்கு வோல்டேஜ் வேண்டும். சூடேறிய ஆர்மேச்சரை ஒரு மணி நேரம் தொடர்ந்து சுற்றவிட்டு, அதன் பிறகும் மெதுவான சுற்றில் பொறி விடாமல் விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டேன் என்கிற கடையில் ஆர்மேச்சரை விட்டுவிட்டு வராதீர்கள்.